தட்டுக்கு அடியில் புளி

நாகூர் மீரான் மளிகைக் கடைக்குப் போனால் சாமானைப் பார்க்க மாட்டார், தராசைப் பார்ப்பார். அதையும் மற்றவர்கள் மாதிரி முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விடுகிறவர் இல்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, சாமான் வைக்கிற தட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் ஓர் உருண்டைப் புளியை அப்பி வைப்பது சில வியாபாரிகளின் கைவேலை. புளியும் கறுப்பு, தட்டும் கறுப்பு. வாங்குகிறவர் கண்ணுக்கு முள் நேராகத்தான் நிற்கும். வீட்டுக்குப் போய்ச் சேருகிற துவரம்பருப்பில் ஒரு பிடி குறைந்திருக்கும்.

தராசு ரிப்பேர்தான் அவர் பிழைப்பு. கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியை ஒட்டிய சந்தில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் முடியும் என்கிற அளவில் ஒரு கடை. பொள்ளாச்சிக் கொப்பரை மண்டிகளின் ஆளுயரத் தராசுகள், பல்லடத்துக் கோழிக்கடைத் தராசுகள், தள்ளுவண்டிக்காரர்களின் கைத்தராசுகள் எல்லாம் அவரிடம் வந்து, முள் நிமிர்ந்து, சங்கிலி மாறி, சர்க்கார் முத்திரைக்குப் போகும். பகலெல்லாம் பொய் சொல்கிற இரும்போடு மல்லுக்கட்டிய மனிதருக்கு, சாயங்காலம் மனிதர்களைப் பார்க்கும்போதும் அதே கண்தான் இருந்தது. ஒரு விஷயம் அளவுக்கு மீறி நன்றாக இருந்துவிட்டால் போதும், "புளி எங்க?" என்பார். அந்தச் சொல் வீட்டிலேயே புழங்கிப் போயிற்று. ஈரோட்டிலிருந்து மச்சினன் வந்து அல்வா கொடுத்துவிட்டுப் போனால், அவன் தலை மறைந்ததும் மனைவியிடம், "சும்மா வர மாட்டானே. புளி எங்கன்னுதான் தெரியல" என்பார்.

"அல்வாவுல யாரும் புளி போட மாட்டாங்க. தின்னுங்க" என்பார் உம்மல் குல்சும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அக்கம்பக்கம் தன் பயந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது.

பொழுது சாயும்போது சந்து முனைப் பள்ளிவாசலின் வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள். இன்ன சாதி, இன்ன மதம் என்றில்லை. இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு டம்ளர் தண்ணீர். மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, பிள்ளையின் முகத்திலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். நாய்க்குப் பயந்தது, இடிக்குப் பயந்தது, தூக்கத்தில் அலறுவது, காரணமில்லாமல் சிணுங்குவது எல்லாவற்றுக்கும் அந்த ஊதல்தான். மற்றவர்கள் நடந்த வாக்கில் ஊதிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். மீரான் நிற்பார். குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்து, "எதுல கண்ணு பயந்தீங்க?" என்று கேட்பார். நிஜப் பயமா, பாவனையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பாவனை என்று பட்டால் ஊத மாட்டார். எழுந்து, எல்லாரும் கேட்கத் தாயிடம், "இதுக்கு ஒண்ணுமில்லீங்க. பள்ளிக்கூடத்துல நாளைக்குப் பரீச்ச இருக்கும், விசாரிங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். விசாரித்தால் பரீட்சை இருக்கும்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆடியில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காரணம் கேபிள் ராசப்பன். தெருவுக்கெல்லாம் வயர் இழுத்திருந்த ராசப்பன், சனிக்கிழமைதோறும் தன் வீட்டு டெக்கில் ஏதாவது ஒரு கேசட்டைப் போட்டு எல்லார் வீட்டு டிவியிலும் ஓட விடுவான். அந்த மாதம் ஒரு பேய்ப்படம் போட்டான். படத்தின் பெயர் ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. ஊஞ்சல் தானாக ஆடுகிற படம் என்பதால் 'ஊஞ்சப் படம்' என்றே பெயராகிவிட்டது. போதாததற்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற ஆடிக்காற்று வேறு, வீட்டுக்கு வீடு கதவை அடித்துச் சாத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்க பாய், என்ற சின்னவளுக்குக் கொஞ்சம் ஓதி உடுங்க" என்று வந்து நின்றார், பின்தெருவில் இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிற சென்னியம்மாள். "பொழுது போனா கொல்லையில பொடக்காளிப் பக்கம் போகவே மாட்டீங்கறா. நானே தொணைக்குப் போக வேண்டியிருக்குது."

"எதுல பயந்துச்சு?"

"எல்லாம் அந்த ஊஞ்சப் படந்தானுங்க."

"புள்ளைய ஒக்கார வெச்சுட்டு நீங்க எங்க போனீங்க?"

"நானும் கூட ஒக்காந்து பாத்தனுங்க."

"நீங்க பயந்தீங்களா?"

சென்னியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். "டம்ளர்த் தண்ணியில எனக்கும் சேர்த்து ஒரு ஊது ஊதிப்போடுங்க."

படத்தைப் பார்க்காமலேயே மீரானுக்குப் படம் முழுதும் தெரிந்துவிட்டது. ஒரு பிள்ளை ஊஞ்சலைச் சொல்லியது, ஒரு பிள்ளை அம்மிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைச் சொல்லியது. கேட்கக் கேட்க அவருக்கே முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரம்ஷா வந்து கேட்டாள். அவருடைய ஒரே மகள், பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

"அத்தா, வார சனிக்கிழம ஊஞ்சப் படம் மறுக்காப் போடறாங்களாம். நானும் பாக்கட்டுங்களா?"

மீரான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்குக் கண்ணு?"

"எல்லாரும் பாத்துட்டாங்க அத்தா. கிளாஸ்ல நான் மட்டுந்தான் பாக்கல."

"பயமா இருக்குமே."

"இருக்கட்டுங்க."

அந்த 'இருக்கட்டுங்க' அவருக்குச் சரியாகப் படவில்லை. பயம் வேண்டாம் என்று ஓடுகிற பிள்ளை உண்டு, எனக்குப் பயமே இல்லை என்று வீம்பு பேசுகிற பிள்ளை உண்டு. பயம் இருந்தால் இருக்கட்டும், பரவாயில்லை என்கிற பிள்ளையை அவர் பார்த்ததில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

குல்சுமிடம் போய், "இவ எதுக்குக் கேக்கறா?" என்றார்.

"பாக்கறதுக்குத்தான் கேக்கறா."

"அதில்ல. நாம இல்லாதப்ப பாத்துப்போட்டா நமக்குத் தெரியவா போகுது? வேலை மெனக்கெட்டு வந்து கேக்கறா பாரு. கேக்கறதுலதான் புளி இருக்குது."

"கேக்காமப் பாத்தா திருட்டுப்புள்ளம்பீங்க. கேட்டுட்டுப் பாத்தா புளிங்கறீங்க. அவ என்னதான் பண்ணுவா? பத்து வயசாச்சு. ஆகும் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

"வயசுல என்ன இருக்குது? தாங்குமா தாங்காதான்னு தெரிய வேண்டாமா? படத்தப் பாத்துட்டு ராத்திரியெல்லாம் அலறுனா என்ன பண்றது?"

குல்சும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "அலறுனா ஊதி உடுங்க. ஊருப் புள்ளைக்கெல்லாம் ஊதறீங்கல்ல."

மீரான் எழுந்து போனார்.

அந்தப் பேச்சு அந்த வீட்டில் எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும். ரம்ஷாவுக்கு முன்னால் அர்ஷத் என்று ஒரு மகன் இருந்தான். பேச்சு நன்றாக வந்த வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். மீரான் ஒவ்வொரு மஃரிபும் தொழுத கையோடு ஓடிவந்து, கட்டிலருகே நின்று ஓதி ஊதினார். பிள்ளை தங்கவில்லை. ஓதியதன் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, அது வராது. ஓதிய வாயின் மேல் வந்தது. ஊரார் பிள்ளைகள் ஊதியதும் தூங்கிவிடுகின்றன என்றால், ஊரார் பயம் லேசான சரக்கு. எந்தத் தராசும் அதை நிறுத்துவிடும். தன் வீட்டுச் சரக்குக்குத் தன் மூச்சு எடை நிற்காது. இதை அவர் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ரம்ஷாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கப் போவார், இருமல் என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். முகத்தருகே குனிந்து ஒரு தடவைகூட ஊதியதில்லை. அதனால்தான் அவருக்கு இந்தப் படம் விளையாட்டாகப் படவில்லை. மகள் பயந்துவிட்டால் அவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். தராசைச் சோதிக்கிறவர் எடுத்த எடுப்பில் பெரிய கல்லைத் தூக்கி வைக்க மாட்டார். சின்னக் கல்லில் ஆரம்பிப்பார்.

இருட்டுகிற நேரம் பார்த்து, "மொட்ட மாடியில என்ற லுங்கி காயுது, எடுத்துட்டு வா கண்ணு" என்றார். ரம்ஷா போனாள், எடுத்து வந்தாள். படியில் ஓடுகிற சத்தம்கூட இல்லை.

மறுநாள் கரண்ட் போன சமயம். "உள்ரூம்புல தீப்பெட்டி இருக்குது பாரு." உள்ளறையில் காற்றுக்கு ஜன்னல் கதவு தட்டிக்கொண்டிருந்தது. ரம்ஷா தடவிக்கொண்டே போய்த் தீப்பெட்டியோடு வந்தாள். வரும்போது ஜன்னலுக்குக் கொக்கியும் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த நாள் கொல்லைக் கடைசியில் இருக்கிற விறகுக் கொட்டகைக்கு அனுப்பினார். அங்கே போக குல்சுமே யோசிப்பார். போய்வந்து, "ஒரு பூனை குட்டி போட்டிருக்குதுங்க அத்தா" என்றாள்.

குல்சும் சிரித்தார். "இன்னும் என்ன, பொணம் பொதைக்கற மையித்தாங்கொல்லைக்குத் தாட்டி உடப் போறீங்களா? புள்ள தைரியமாத்தான் இருக்கறா. சரின்னு சொல்லிப்போடுங்க."

"அதுதாம்மா எனக்குப் புடிபடல. ரெண்டு தட்டும் இத்தன சுத்தமா நின்னா, எவனோ அதுல கைய வெச்சிருக்கான்னு அர்த்தம்."

அவர் அப்படிச் சொன்னது ரம்ஷாவின் காதில் விழுந்ததோ என்னவோ, மறுநாளிலிருந்து தட்டு ஆட ஆரம்பித்தது. மாடிக்குப் போகச் சொன்னால், "அம்மாவும் வரட்டுங்க" என்றாள். தூங்கும்போது தலைவரைக்கும் போர்த்திக்கொண்டாள். கதவு அடித்தால், "யாரது?" என்று தூக்கிப்போட்டாள். தூக்கிப்போட்டு முடித்ததும், அத்தா பார்த்தாரா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

மீரான் பார்த்தார். பார்வையையும் சேர்த்துப் பார்த்தார்.

சோறு தின்னும்போது மெதுவாக விட்டுப் பார்த்தார். "அந்தப் படத்துல ஊஞ்சல் மட்டும்தான் ஆடுதாமா?"

"கொலுசுச் சத்தம் முதல்ல கேக்குமுங்க. அப்பறந்தான் ஆடும்" என்று சொல்லிவிட்டு, ரம்ஷா குழம்பை ஊற்றிக்கொள்வதில் மும்முரமாகிவிட்டாள்.

வாசலுக்கு வந்த பிள்ளைகள் ஒன்றுகூடக் கொலுசைச் சொன்னதில்லை. ஊஞ்சல் ஆடியதும் பயத்தில் எல்லாம் மறந்திருக்கும். முதலில் எது, பிறகு எது என்று வரிசையாகச் சொல்வதற்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். மீரானுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். எங்கே என்பதுதான் கேள்வி.

அதற்கும் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஜெபராணி டீச்சர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் மகள் கிளாடிசும் ரம்ஷாவும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிவார்கள். மறுநாள் வியாழக்கிழமை, டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் மீரான் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ரம்ஷா இங்க வந்து டிவி பாத்தாளுங்களா?"

"எப்பவும் பாக்கறதுதானுங்களே."

"அந்த ஊஞ்சப் படம்?"

"பாத்துச்சே" என்றார் ஜெபராணி, எந்த ஒளிவும் இல்லாமல். "ஏனுங்க பாய், ஊட்ல சொல்லலீங்களா? அவ சொல்லிட்டுத்தான் வந்தேன்னு சொன்னா. இது தெரிஞ்சிருந்தா நான் உட்டிருக்க மாட்டேனுங்க."

"நீங்க எப்படிங்க புள்ளைகள உட்டீங்க, அந்த மாதிரிப் படத்துக்கு?"

"எப்பிடியும் எங்கியாவது போயிப் பாக்கப் போறாங்க. தனியாப் பாத்தாத்தானுங்க பயம். நான் நடுவுல ஒக்காந்துக்கிட்டேன், இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. எங்க கிளாடிஸ் பாதி நேரம் என்ற சேலைக்குள்ளதான் இருந்தா. ஒங்க புள்ள சிரிச்சுக்கிட்டே பாத்துச்சு."

"சிரிச்சாளா?"

"ஊஞ்சல் ஆடறப்ப எல்லாரும் கண்ண மூடறோம். இவ டிவி கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்துட்டு, 'டீச்சர், பலகைக்கு அடியில கறுப்புக் கயிறு தெரியுது பாருங்க, எவனோ இழுக்கறான்'ங்கறா. அதுக்கப்பறம் எங்களுக்கும் பயம் போயிருச்சு. படமும் போயிருச்சு."

மீரானுக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. குனிந்து அடியில் பார்த்திருக்கிறாள். அந்த நிமிஷம் அவருக்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டுப் படியேறுவதற்குள் சந்தேகம் திரும்ப வந்து அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. பார்த்தாயிற்று, சிரித்தாயிற்று, கயிற்றையும் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் எதற்குப் பார்க்கட்டுமா என்று அனுமதி? எதற்கு இந்தப் போர்வை, இந்தத் தூக்கிப்போடல்? பயப்படாத பிள்ளை எதற்காகப் பயந்த பிள்ளையாக வேண்டும்? பள்ளிக்கூடத்தில் பரீட்சை இல்லை. அதையும் விசாரித்துவிட்டார்.

அன்று மஃரிபுக்குக் கூட்டம் அதிகம். வியாழக்கிழமை பொழுது என்றால் எப்போதும் அப்படித்தான். தொழுது முடித்து மீரான் வெளியே வந்தபோது வாசலில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் பிள்ளைக்கு ஊதினார், இரண்டாவதுக்கு ஊதினார். நிமிர்ந்தால் சென்னியம்மாள். இடுப்பில் சின்னவள். அவர் பக்கத்தில், துப்பட்டாவைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோடு ரம்ஷா நின்றிருந்தாள்.

"ஏனுங்க பாய்," என்றார் சென்னியம்மாள், "ஒங்க பொண்ணும் பயந்துகிச்சாமா. அத்தா ஊட்ல ஊத மாட்டாங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டு வந்துருச்சு. நல்லாருக்குது போங்க. ஹோட்டல்காரன் புள்ள பக்கத்து ஊட்டுக்குச் சோத்துக்கு வந்தாப்ல."

பெண்கள் சிரித்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்தவர்களில் ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

மீரான் குந்தி உட்கார்ந்தார். மகளின் கண்ணுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். "எதுல கண்ணு பயந்தீங்க?"

"ஊஞ்சப் படத்துலங்க அத்தா."

பொய். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் வாழ்நாளில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று. இதே வாசலில் எத்தனையோ பிள்ளைகளை இதற்காகவே திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது எழுந்து, இதுக்கு ஒண்ணுமில்லீங்க என்று சொன்னால் வரிசை மொத்தமும் கேட்கும். சொல்லாவிட்டால், பொய்யென்று தெரிந்த தராசுக்கு முத்திரை குத்தியவர் ஆவார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "புளி எங்க?" என்றார்.

ரம்ஷா டம்ளரைப் பார்த்தாள். "நீங்க எல்லாத்துக்கும் ஊதறீங்க" என்றாள். "எனக்கு மட்டும் ஊதறதே இல்லீங்க. பயந்தவங்களுக்குத்தான் ஊதுவீங்கன்னு கிளாடிஸ் சொன்னா."

சென்னியம்மாள் சின்னவளை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "என்ன பாய், சொந்தச் சரக்குன்னா எடை போட யோசிக்கறீங்களா?" என்றார்.

மீரான் ஓத ஆரம்பித்தார். நாக்குக்குப் பழகிய வசனங்கள்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் வரும். அன்று நடுவில் ஓரிடத்தில் தடுமாறி, திரும்ப ஆரம்பித்தார். முடித்துவிட்டு ஊதினார். முதல் ஊதல் சரியாக வரவில்லை, உதடு கூடவில்லை. ரம்ஷா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவள் நெற்றி மயிர் அசைகிற மாதிரி இரண்டாவது தடவை ஊதினார். பிறகு டம்ளரில் ஊதினார். அவள் அதே இடத்தில் நின்று தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

சென்னியம்மாளின் சின்னவளுக்கும் மற்றவர்களுக்கும் ஊதி முடித்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சந்தில் காற்று தூசியை வாரி அடித்தது. ரம்ஷா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"ஜெபராணி டீச்சர் சொல்லிட்டாங்க" என்றார் மீரான்.

ரம்ஷா கடித்திருந்த முக்காட்டை விட்டாள்.

"எப்பங்க அத்தா சொன்னாங்க?"

"இன்னிக்குப் பொழுதோட. தொழுவப் போறதுக்கு முன்னால."

"தெரிஞ்சேவா ஊதுனீங்க?"

"ம்."

"அப்ப அது செல்லுங்களா?"

"தெரியல கண்ணு."

அவர் எதையாவது தெரியவில்லை என்று சொல்லி ரம்ஷா கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் தைரியம் வந்து மீதியையும் சொன்னாள். சொல்லாமல் பார்த்தேன் என்றால் அடி விழும், ஊத மாட்டீர்கள். நீங்களே சரியென்று சொல்லிப் பார்த்தால், அதற்கப்புறம் பயந்தேன் என்று சொல்லலாம், அப்போது ஊதித்தானே ஆக வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். நீங்கள் மாடிக்கும் கொட்டகைக்கும் அனுப்பியபோது, நன்றாகப் போய்வந்தால் சரியென்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை, அப்புறம் பயந்த மாதிரி காட்டியும் ஊதவில்லை, அடி விழுந்தாலும் விழட்டும் என்று பள்ளிவாசலுக்கே வந்தேன். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பத்து வயதுக்கு அது பெரிய கணக்கு. மீரான் ஒவ்வொரு படியாக அதைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

"சொல்லாமப் பாத்தது தப்பு" என்றார்.

"ஆமாங்க."

"ஊட்ல சொல்லிட்டு வந்தேன்னு டீச்சர்கிட்டச் சொன்னது அதவிடத் தப்பு. நாளைக்குப் போயி நீயே சொல்லிப்போடு."

"சொல்லிப்போடறேனுங்க."

"சனிக்கிழம பாக்கலாம்."

"என்னதுங்க?"

"படம். நம்மூட்லயே. நானும் ஒக்காந்துக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் குல்சும் பாயை விரித்து, தட்டில் பொரிகடலை வைத்தார். மீரான் சுவரோரமாக, டிவிக்கு ரொம்பவும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்தார். படம் ஆரம்பித்து நாய் ஊளையிட்டது. "நாய்க்குக் கூலி குடுத்து ஊளையிட வெச்சிருக்கறான்" என்றார். பாட்டு வந்தது. "இதுக்கா ஊரே நடுங்குச்சு" என்றார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு கொலுசுச் சத்தம் கேட்டது.

ரம்ஷா திரும்பிப் பார்த்தபோது அத்தாவின் இரண்டு கையும் பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தன. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஓதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பாருங்க" என்றாள் ரம்ஷா.

குல்சும் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவர் பயந்து அவர் பார்த்ததில்லை. சிரிக்க வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, சிரிக்காமல் பொரிகடலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரம்ஷா நகர்ந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். "அத்தா, கண்ணத் தெறங்க. ஊஞ்சலப் பாக்காதீங்க. பலகைக்கு அடியில பாருங்க. கறுப்பாத் தெரியுதுங்களா, கயிறு? அதானுங்க புளி."

மீரான் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும். குனிந்து, தலையைச் சாய்த்து, கடைகளில் பார்க்கிற மாதிரியே பார்த்தார். இருந்தது. கறுப்புக் கயிறு, கறுப்பு இருட்டில். எவனோ இழுத்துக்கொண்டிருந்தான்.

"இருக்குது" என்றார். ஆனாலும் பாயை விடவில்லை.

ரம்ஷா அவர் முகத்துக்கு நேராக வந்து, தெரிந்ததை ஓதி, ஊதினாள். பொரிகடலை வாசம் அடித்தது. அவர் விலகவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் மாறியது. ரம்ஷாவுக்குக் காய்ச்சல் என்றால் மீரான் முன்போலவே மாத்திரை வாங்கிவந்தார், டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினார். மஃரிபு முடிந்து வந்ததும் கட்டிலருகே குனிந்து ஊதவும் ஊதினார். அவருக்கு உடம்புக்கு முடியாதபோது, வளர்ந்த பிறகும், அவள் ஊதினாள். சர்க்கரை வாங்கும்போது குனிந்து பார்ப்பதை அவர் ஒருநாளும் விடவில்லை. மச்சினனின் அல்வாவையும் நம்பவில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கிய மறுநாள், அது மாத்திரையில் இறங்கியதா மூச்சில் இறங்கியதா என்று மட்டும் அவர் கடைசிவரை குனிந்து பார்க்கவில்லை.